ஷாமனின் பறையும் பாட்டும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

போன வாரம் சைபீரியப் பறை ஒன்றின் படத்தைப் போட்டு, ஷாமன் சடங்குகளில் இசை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப சந்தோஷம். புதிதாக வந்தவர்களுக்கு: நான் இசை மானுடவியல் படித்தவள், சடங்கு இசையைக் கேட்பதும் அதைப் பற்றி எழுதுவதும்தான் பதினைந்து வருடமாக என் வேலை, சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கவின், திருப்பூர்: அக்கா, முதலில் ஷாமன் என்றால் யார்? பூசாரி, மந்திரவாதி, சாமியாடி எல்லாரையும் இந்த ஒரே பெயரில் சொல்லிவிடலாமா?

எனக்கு அதில் சம்மதம் இல்லை. 'ஷாமன்' சைபீரியாவில் ஏவன்கி மக்கள் பேசும் மொழியிலிருந்து வந்த சொல். 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது, அதன்பிறகு உலகத்தில் யார் பறையடித்து ஆவியோடு பேசினாலும் ஷாமன்தான் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு மக்களுக்கும் அவரவர் சொல் இருக்கிறது. அல்தாய் மலையில் காம், சாகா மக்களிடம் ஒயூன், கசாக்கியரிடம் பக்சி, கொரியாவில் முடாங், சிலி நாட்டு மாப்புச்சே மக்களிடம் மாச்சி. ஒரு வேலைக்கான பொதுப்பெயராக மட்டும் ஷாமன் என்பதை வைத்துக்கொள்வோம். நோயாளியின் உயிர் எங்கோ வழி தவறிப் போய்விட்டது என்றால், அதைத் தேடிப் போய்ப் பேசி, சண்டை போட்டு, கெஞ்சி, திரும்பக் கூட்டி வருபவர். பூசாரி சாமியை இருந்த இடத்தில் வணங்குவார், ஷாமன் கிளம்பிப் போவார். அந்தப் பயணத்துக்கு வண்டி வேண்டும், வழி தெரிய வேண்டும். அங்கேதான் இசை வருகிறது.

மீனாட்சி: ஏன் எங்கே பார்த்தாலும் பறை? அதுவும் ஒரே மாதிரி வட்டமான பறை?

எங்கே பார்த்தாலும் இல்லை, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் சைபீரியாவிலிருந்து வட ஐரோப்பா வரைக்கும், அந்தப் பக்கம் ஆர்க்டிக் கரையோரம் இனுயிட் மக்கள் வரைக்கும் நீங்கள் சொல்வது சரிதான். மரத்தை வளைத்துச் செய்த வட்டச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், பின்னால் குறுக்கே ஒரு கைப்பிடி, இனுயிட் பறைக்கு மட்டும் பிடி சட்டத்தின் ஓரத்தில். நம் பறையும் இதே குடும்பம்தான், தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டிக் காய்ச்சுவதுகூட இரண்டிலும் ஒன்று. நம் ஊரில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள், அங்கே கூடாரத்தின் நடுவில் எரியும் அடுப்பில். தோல் சூடேறி விறைக்கிறபோது ஒரு மணம் வரும், காய்ச்சும் இடத்தில் நின்றவர்களுக்கு அது மறக்காது.

அல்தாய் மக்களிடம் புதுப் பறை செய்தவுடன் அடிக்க மாட்டார்கள். அதை முதலில் உயிர்ப்பிக்க வேண்டும், அதற்கு ஒரு சடங்கு. பறையின் சட்டத்தின்மேல் பானம் தெளிப்பார்கள். உடனே பறைக்கு உயிர் வந்து, ஷாமனின் வாய் வழியாகத் தன் கதையைச் சொல்லும். தான் மரமாகக் காட்டில் எப்படி வளர்ந்தது, எப்படி வெட்டினார்கள், எப்படி ஊருக்குக் கொண்டுவந்தார்கள் என்று. அடுத்தது தோலின் முறை. அந்த மான் தன் பிறப்பைச் சொல்லும், தாய் தகப்பனைச் சொல்லும், குட்டியாகத் துள்ளியதைச் சொல்லும், கடைசியில் வேட்டைக்காரன் தன்னைக் கொன்ற கணத்தையும் சொல்லும். இனி உனக்காக உழைப்பேன் என்று ஷாமனுக்கு வாக்குக் கொடுத்து முடிக்கும். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கொன்ற விலங்கின் வாழ்க்கை முழுவதையும் அதன் தோலுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் அதன்மேல் கை வைக்கிறார்கள்!

இத்தனைக்கும் பிறகு அந்தப் பறை ஷாமனுக்கு மானோ குதிரையோ ஆகிவிடுகிறது. அடிக்கோல் அதற்குச் சாட்டை. மெதுவாக அடித்தால் நடை, வேகமாக அடித்தால் பாய்ச்சல். கேட்டுக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஷாமன் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பது அந்த நடையிலிருந்தே புரியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஷாமன் பறையை மார்புக்கு நேரே மட்டும் பிடிப்பதில்லை. முகத்துக்கு அருகில் கொண்டுபோய் அதற்குள் பாடுவார், தலைக்கு மேலே தூக்குவார், தரையை நோக்கிச் சாய்ப்பார். தோலில் பட்டுத் திரும்பும்போது குரல் மாறும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. அங்கியில் தொங்கும் இரும்புத் துண்டுகளும் மணிகளும் ஒவ்வொரு அசைவுக்கும் கலகலக்கும். இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கூடாரம் முழுக்க யார் யாரோ நடமாடுவது போல இருக்கும்.

மற்ற இடங்களில் பறையின் உருவமே வேறு. நேபாள மலைகளில் ஜாங்க்ரி என்ற ஷாமன் அடிக்கும் தியாங்க்ரோ பறைக்கு இரண்டு முகம், செதுக்கிய மரக் கைப்பிடி, வளைந்த பிரம்புக் கோல். மாப்புச்சே மாச்சியின் குல்த்ருன் பறை மரத்தைக் குடைந்த கிண்ணம் மாதிரி. தோலைப் போர்த்தி மூடுவதற்கு முன் உள்ளே விதை, கூழாங்கல், காசு எல்லாம் போட்டு, மாச்சி தன் குரலையும் உள்ளே பாடி அடைத்துவிடுவார்.

பிரவீன்: நிமிடத்துக்கு 210 அடி அடித்தால் மூளை தீட்டா அலைக்குப் போய்விடும், பத்து நிமிடத்தில் யாருக்கும் ட்ரான்ஸ், அதாவது தன்னை மறந்த ஆவேச நிலை, வந்துவிடும் என்று நிறைய வீடியோ வருகிறதே, உண்மையா?

இதே கேள்வியை ஒன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1961, 1962 ஆண்டுகளில் ஆண்ட்ரூ நெஹர் என்பவர் ஒரு பரிசோதனை செய்து எழுதினார். சீரான பறைச் சத்தத்தைக் கேட்கவைத்து மூளை அலையைப் பதிவு செய்தபோது, அடியின் வேகத்துக்கு இசைவாக மூளையும் துடிப்பது போலத் தெரிந்தது. அதை வைத்து, சடங்குகளில் ஆவேசம் வருவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்றார். 1980இல் மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர், யார் வேண்டுமானாலும் பழகக்கூடிய ஒரு பொது ஷாமன் முறையை எழுதிப் பிரபலமாக்கினார். நிமிடத்துக்கு 205 முதல் 220 அடி என்ற கணக்கு அங்கிருந்துதான் பரவியது. அந்தக் கணக்கை நீங்களே வகுத்துப் பாருங்கள். 210ஐ அறுபதால் வகுத்தால் நொடிக்கு மூன்றரை. தீட்டா என்று சொல்லும் மூளை அலை நொடிக்கு நான்கு துடிப்பிலிருந்து தொடங்குகிறது. கணக்கே இடிக்கிறது.

அதே 1980இல் பிரெஞ்சு இசை ஆய்வாளர் ழில்பேர் ரூஷே, இசைக்கும் ட்ரான்ஸுக்கும் உள்ள உறவைப் பற்றி மிகப் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். அவர் நெஹருக்குச் சொன்ன பதில் எளிமையானது. பறைச் சத்தம் தானாகவே ஆளைத் தூக்கிவிடும் என்றால் ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் வருடம் முழுக்க ஆவேசத்தில்தான் இருக்க வேண்டும், அப்படி இல்லையே என்றார். பறை அடிப்பவருக்கு ஏன் வருவதில்லை? பக்கத்தில் நின்று படம் பிடிப்பவருக்கு ஏன் வருவதில்லை?

இதை எனக்குப் புரியவைத்தது எங்கள் ஊர்ப் பக்கத்துப் படுகளம். அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். உடுக்கை அதே உடுக்கைதான், அதன் இடுப்பில் கட்டிய கயிற்றை அழுத்தி அழுத்தி விடும்போது அது விம்முவதும் அதேதான். முதல் நாளெல்லாம் குழந்தைகள் மடியில் தூங்கும், பெரியவர்கள் வெற்றிலை மடிப்பார்கள். கதை நகர்ந்து நகர்ந்து பொன்னரும் சங்கரும் களத்தில் சாகும் இடத்துக்கு வந்ததும், கூட்டத்தில் விரதமிருந்தவர்கள் வெட்டிய வாழை போலச் சாய்வார்கள். பிணம் மாதிரியே கிடப்பார்கள். அவர்களின் தங்கை தங்காள் வந்து தண்ணீர் தெளித்து எழுப்பும் இடம் வரும்போதுதான் எழுவார்கள். வேகம் மட்டும்தான் காரணம் என்றால் முந்தின நாளே விழுந்திருக்க வேண்டும். அவர்களை விழவைப்பது கதையில் அந்த இடம், அது வரும் என்று தெரிந்த உடம்பு, விரதம், கண் விழிப்பு, சுற்றி நிற்கும் சொந்தபந்தம். உடுக்கை அவர்களை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறது.

அதற்காகத் தாளத்துக்கு உடம்பின்மேல் பிடி இல்லை என்று சொல்லவரவில்லை. மணிக்கணக்கில் ஒரே நடை கேட்டால் மூச்சு மாறும், காலம் போவது தெரியாது, எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் பத்து நிமிட வீடியோவில் கிடைப்பது ஓய்வு. அதுவும் நல்லதுதான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம்.

சுகன்யா, திண்டுக்கல்: அப்படியென்றால் நம் ஊர்ச் சாமியாட்டம் ஷாமன் முறை ஆகுமா, ஆகாதா? எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது.

சண்டைக்கு மறுபடியும் ரூஷேவைக் கூப்பிடலாம். அவர் ஒரு நல்ல கோடு போட்டார். ஷாமன் தன் இசையைத் தானே உண்டாக்குகிறார், தானே அடித்து, தானே பாடி, கிளம்பிப் போகிறார். சாமி வந்து இறங்குகிறவருக்கு வேறொருவர் இசைக்கிறார். சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் பாட, மகுடமோ மேளமோ முழங்க, கோமரத்தாடி என்ற சாமியாடி ஆடுகிறார். அவர் எங்கும் போவதில்லை, சாமிதான் அவரிடம் வருகிறது. இந்தக் கணக்குப்படி நம்முடையது பெரும்பாலும் இரண்டாவது வகை. மொரோக்கோவின் குனாவா, சூடான் பக்கத்து ஸார் சடங்குகள் எல்லாம் இந்தப் பக்கம்தான்.

ஆனால் கோடு எல்லா இடத்திலும் நிற்காது. சங்கப் பாட்டில் வரும் வேலனைப் பாருங்கள். மகள் வாடிப்போகிறாள், காரணம் தெரியவில்லை, தாய் வேலனை அழைக்கிறாள். களம் அமைத்து, கழங்கு உருட்டி, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து, வெறியாடி, முருகன் அணங்கியது, அதாவது பிடித்து வருத்துவது, என்று சொல்கிறான். நோய் கண்டுபிடிப்பது, ஆவேசம், பலி, இசை எல்லாம் ஒரே ஆளிடம். குறுந்தொகை 362இல் தோழி 'முருகயர்ந்து வந்த முதுவாய் வேல' என்று அவனை அழைத்து, நீ கொடுக்கும் பலியை இவள் காதலனின் மார்பும் உண்ணுமா என்று கேட்கிறாள். நோய்க்குக் காரணம் அவளுக்குத் தெரியும்!

திருமுருகாற்றுப்படையில் இதைவிட முக்கியமான ஒரு இடம். குறமகள் ஒருத்தி முருகனுக்கு உகந்த இசைக்கருவியை முழக்கி, அதற்குப் பெயரே முருகியம், கோயிலில் 'முருகு ஆற்றுப்படுத்த' என்று வருகிறது. ஆறு என்றால் வழி. முருகனை வழிப்படுத்திக் கொண்டுவருவது. செய்பவள் பெண், கருவி அவளுடையது. இந்த 'ஆறு' என்ற சொல்லை மறக்காதீர்கள், இன்னும் இரண்டு மூன்று நாடுகளில் வரப்போகிறது.

அபூபக்கர்: பறை இல்லாத ஷாமன்களும் உண்டா?

நிறைய. கலஹாரிப் பாலைவனத்தில் சான் மக்களிடம் பெண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கைதட்டிப் பாடுவார்கள், அவர்களைச் சுற்றி ஆண்கள் கணுக்காலில் கிலுகிலுப்பை கட்டி விடியும்வரை ஆடுவார்கள், மண்ணில் வட்டமாகப் பள்ளமே விழுந்துவிடும். அமேசானில் ஷிபிபோ மருத்துவர்கள் இருட்டில் இக்காரோ பாடுவார்கள், வெறும் குரல்தான், செடிகளிடமிருந்து கற்ற பாட்டு என்பார்கள். அவர்களின் துணி வேலைப்பாடு அந்தப் பாட்டின் ஸ்வரக்குறிப்பு என்று ஒரு பேச்சு உலவுகிறது, அதை அப்படியே நம்ப வேண்டாம், ஆய்வாளர்களிடையே அதற்கு எதிர்ப்பு உண்டு.

வெனிசுவேலாவில் ஓரினோக்கோ ஆறு கடலில் கலக்கும் சதுப்பில் வராவோ மக்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஷாமனுக்குப் பெரிய சுரைக்குடுவைக் கிலுகிலுப்பை. குடுவை தலை, கோல் கழுத்து, உச்சியில் கட்டிய இறகுகள் முடி, அதாவது அது ஒரு ஆள். உள்ளே படிகக் கற்கள். வேகமாக ஆட்டும்போது கல் உரசி, மரக்கோலின் தூள் பற்றி, இருட்டில் தீப்பொறி பறப்பது உண்டு. பாடும்போது குரலின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும்.

ஜப்பானின் வடக்கே அவோமோரி பகுதியில் இதாக்கோ என்ற பார்வையற்ற பெண்கள், வில்லின் நாணைக் குச்சியால் தட்டி இறந்தவர்களை அழைப்பார்கள். வில்லுப்பாட்டு ஞாபகம் வருகிறது இல்லையா? இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று யாரும் கிளப்பிவிடாதீர்கள், நாண் அதிரும் என்பது வேட்டையாடிய எல்லா மக்களுக்கும் தெரிந்த விஷயம்.

என் மனசுக்கு நெருக்கமானது கசாக் பக்சி வில்லால் வாசிக்கும் கோபிஸ் என்ற தந்தி வாத்தியம். ஒரே மரக்கட்டையில் குடைந்தது, கீழ்ப்பாதிக்கு ஒட்டகத்தோல், மேல்பாதி திறந்த கிண்ணம். இரண்டே தந்தி, ஒவ்வொன்றும் முறுக்காத குதிரைமுடிக் கற்றை. வில்லும் குதிரைமுடிதான். தந்தியைப் பலகையில் அழுத்துவதில்லை, விரலால் பக்கவாட்டில் தொடுவதுதான். அதனால் ஒரு ஸ்வரம் கேட்டால் அதற்குள்ளேயே நான்கு ஸ்வரம் விசில் மாதிரி எழும்பும். பக்சிகளின் கோபிஸில் அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள், தலையில் உலோகத் தொங்கல்கள். வாசிப்பவர் குனிந்தால் தன் முகத்தை இசைக்குள் பார்ப்பார். நல்ல வாசிப்பில் ஓநாய் ஊளையிடும், அன்னம் இறகடிக்கும்.

அதை முதலில் செய்தவர் கோர்கிட் என்று சொல்வார்கள். சாவுக்குப் பயந்து நாலு திசையும் ஓடுகிறார், போகுமிடமெல்லாம் யாரோ குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கு என்று கேட்டால் கோர்கிட்டுக்கு என்கிறார்கள். கடைசியில் சிர் தரியா ஆற்றுக்கே திரும்பி வந்து, தண்ணீர்மேல் கம்பளம் விரித்து உட்கார்ந்து கோபிஸ் வாசிக்கத் தொடங்குகிறார். வாசிக்கும்வரை சாவால் அருகில் வர முடியவில்லை. கண் அசந்த ஒரு நொடியில் பாம்பாக வந்து தீண்டிவிட்டது. அந்த ஆற்றுப் பக்கம் 1980இல் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள், அதற்குள் குழாய்கள் பதித்திருக்கிறார்கள், புல்வெளிக் காற்று அடித்தால் அது ஒலிக்கும்.

ராஜேஸ்வரி, ஈப்போ: நான் மலேசியாவில் பேராக்கில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து ஓராங் அஸ்லி பழங்குடி மக்களிடம் இப்படி ஏதாவது உண்டா?

உங்கள் வீட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்தில்தான் இருக்கிறது, ராஜி! பேராக், கிளந்தான் காடுகளில் இருக்கும் தெமியார் மக்கள். மரீனா ரோஸ்மன் என்ற ஆய்வாளர் அவர்களோடு தங்கி எழுதியவை 1991இல் வெளிவந்தன. இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான்.

தெமியார்களிடம் பாட்டை யாரும் இயற்றுவதில்லை. கனவில் ஒரு மரத்தின் உயிரோ, பழத்தின் உயிரோ, ஆற்றின் உயிரோ வந்து கொடுக்கும். கனவு கண்டவர் ஒரு வரி பாடுவார், பெண்கள் அதையே வாங்கித் திரும்பப் பாடுவார்கள். பாடிக்கொண்டே ஆளுக்கு இரண்டு மூங்கில் குழாயை, ஒன்று நீளம் ஒன்று குட்டை, கிடைமட்டமாகக் கிடக்கும் மரத்தின்மேல் மாற்றி மாற்றி இடிப்பார்கள். தும் தக், தும் தக் என்று இதயம் போல, காட்டுப் பூச்சிகளின் இரைச்சல் போல, இரவு முழுக்க. அந்தப் பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு அர்த்தம் 'பாதை'. ஒருவரின் தலையில் இருக்கும் உயிர் காட்டுப் பாதையில் தொலைந்து போனால் நோய். பாட்டு அந்தப் பாதையில் போய் அதைத் தேடும். நம்முடைய 'ஆறு' இதோ!

கிளந்தான் மலாய் மக்களிடம் மைன் புத்ரி என்ற சடங்கு உண்டு, அது வேறு மாதிரி. ரெபாப் என்ற பிடிலை வாசிக்கும் மிண்டுக் ஒருபக்கம், ஆவேசம் வருபவர் ஒருபக்கம், இருவரும் பாட்டாலும் பேச்சாலும் வாதாடுவார்கள். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு 'காற்று' அடைபட்டிருக்கிறது, சரியான மெட்டு எது, சரியான கதை எது என்று வாசித்து வாசித்துத் தேடி, அது பட்டவுடன் நோயாளியே எழுந்து ஆடிவிடுவார். ஒரே மருந்து எல்லாருக்கும் இல்லை.

டாக்டர் ஒருவர் (பெயர் வேண்டாம் என்றார்): உண்மையிலேயே பாட்டு நோயைக் குணப்படுத்துகிறதா? நேரடியாகச் சொல்லுங்கள்.

சரி, நேரடியாக. பனாமாவில் குனா மக்களிடம் பிரசவம் சிக்கலானால் பாட ஒரு நீண்ட பாட்டு உண்டு, மூ இகாலா. 'மூ என்ற சக்தியின் வழி' என்று பொருள், மறுபடியும் வழிதான். 1947இல் அச்சில் வந்தது, 535 அடி. மருத்துவச்சி கைவிட்டு ஷாமனைத் தேடி ஓடுவதிலிருந்து பாட்டு தொடங்குகிறது. அவள் குடிசைக்குள் திரும்புகிறாள், வாசலைப் பார்க்கிறாள், வெளியே வருகிறாள் என்று ஒவ்வொரு அசைவும் மெதுவாக. பிறகு ஷாமனும் அவரது துணை உயிர்களும் மூவின் வழியில் போய், மூ பிடித்து வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் உயிரை மீட்டு வருகிறார்கள். ஷாமன் அவளைத் தொடுவதே இல்லை.

1949இல் பிரெஞ்சு மானுடவியலாளர் லெவிஸ்ட்ராஸ் இதை எடுத்து, வலிக்கு ஒரு கதை கிடைத்தவுடன் அந்த உடம்பு ஒத்துழைக்கிறது என்று விளக்கினார். அழகான விளக்கம். ஆனால் பின்னால் குனா மொழி கற்றவர்கள் போய்ப் பார்த்தபோது, அந்தப் பாட்டு சடங்குக்கென்றே உள்ள தனி மொழியில் இருக்கிறது, சாதாரணப் பெண்ணுக்குப் பெரும்பகுதி புரியாது என்றார்கள். அப்படியென்றால் அவளுக்குக் கிடைப்பது என்ன? தன் பக்கத்தில் ஒருவர் மணிக்கணக்காக உட்கார்ந்து, தனக்காக மட்டும், தவறாமல், நிறுத்தாமல் பாடிக்கொண்டிருக்கிறார் என்ற தெம்பு. வலியில் தனியாகக் கிடந்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். அதற்காக ரத்தப்போக்குக்குப் பாட்டு போதும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். இரண்டும் ஒரே அறையில் இருக்கலாம் என்பதே என் ஆசை.

யாழினி: பெண்கள் ஷாமன் ஆகலாமா?

மாச்சிகளில் பெரும்பாலோர் பெண்கள், முடாங் என்றாலே பெண்தான். கொரியாவில் இரண்டு வகை உண்டு. ஒன்று தெய்வம் பிடித்து நோயாகக் கிடந்து முடாங் ஆகிறவர்கள், இன்னொன்று தெற்கே பரம்பரையாக வருகிறவர்கள். பரம்பரை வகையில் ஆவேசத்தைவிடச் சங்கீதம்தான் பெரிது. தென்மேற்குப் பகுதியின் சினாவி என்ற இசை இந்தச் சடங்குகளுக்கு வாசித்து வாசித்து உருவானது, குழலும் பிடிலும் அவரவர் போக்கில் அலைந்து, ஆனால் பிரியாமல் போவார்கள்.

சியோலில் இன்வாங்சான் மலையில் குக்சாதாங் என்ற சின்னக் கோயில் இருக்கிறது, இன்றும் அங்கே சடங்கு நடக்கும். நான் ஒரு நாள் காலையில் ஏறிப்போனபோது ஒரு குடும்பத்துக்காக நடந்துகொண்டிருந்தது. ஜாங்கு என்ற இடை சிறுத்த மத்தளத்தைத் தரையில் வைத்து ஒரு வயதான அம்மா அடிக்கிறார், பக்கத்தில் ஒருவர் வெண்கலத் தட்டு. முடாங் நின்ற இடத்திலேயே குதிக்கிறார், வேகம் ஏறுகிறது, ஏறுகிறது, காதே அடைக்கிறது. திடீரென்று அந்த அம்மா கையை எடுத்துவிட்டார். ஒரே அமைதி. அந்த அமைதியில்தான் தெய்வம் பேசியது, செத்துப்போன மாமியார் குரலில். மருமகள் தரையில் உட்கார்ந்து விட்டார். நம் ஊரிலும் அப்படித்தானே, குறி சொல்லும்போது உடுக்கை நின்றுவிடும். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த அந்த அம்மாவைத்தான் நான் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1970களில் மூடநம்பிக்கை ஒழிப்பு என்று இவர்களைத் துரத்தியது அரசாங்கம். அதே அரசாங்கம் 1985இல் கிம் கும்ஹ்வா என்ற முடாங்கின் சடங்கைத் தேசியப் பாரம்பரியமாக அறிவித்தது. அவர் 2019 வரை வாழ்ந்தார். ஜிந்தோ தீவில் இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கின் முடிவில் நீளமான வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, அதன்மேல் பாட்டாலேயே வழி துடைத்து அனுப்புவார்கள். வழி, மறுபடியும்.

இளங்கோ: பறையை எல்லாம் ஏன் எரித்தார்கள்?

ஸாமி மக்களைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், நார்வே, சுவீடன், பின்லாந்து வடகோடியில் கலைமான் மேய்க்கும் மக்கள், பெயர் மட்டும்தான் நம் சாமி போல. அவர்களின் பறைத்தோலில் மரப்பட்டைச் சாற்றுச் செஞ்சாயத்தில் சூரியன், கலைமான், கூடாரம், தெய்வங்கள் என்று உலகத்தையே வரைந்திருப்பார்கள். மேலே ஒரு பித்தளை வளையத்தை வைத்து அடித்தால் அது துள்ளித் துள்ளி எங்கே நிற்கிறதோ அதுதான் பதில். 17ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மதகுருக்களும் அரசும் இதைப் பேய் வழிபாடு என்று சொல்லிப் பறித்தார்கள், பலவற்றை எரித்தார்கள். இன்று எஞ்சியவை எழுபதுக்குச் சற்றே கூடுதல்.

அதில் ஒன்று ஆண்டர்ஸ் பவுல்சென் என்ற முதியவருடையது. 1692இல் வாட்சோ ஊரில் அவர்மேல் வழக்கு. நீதிமன்றத்தில் தன் பறையின் படங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். தீர்ப்பு வருவதற்கு முன்பே, காவலில் இருந்தபோது, மனநிலை சரியில்லாத ஒருவன் அவரைக் கொன்றுவிட்டான். பறை கோபன்ஹேகனுக்குப் போனது. 1979இல் காராஷோக் ஊரின் ஸாமி அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்தது. தங்கள் பாட்டனின் பொருள் தங்களுக்கே இரவல்! சொந்தமாகத் திரும்பக் கிடைத்தது 2022இல். முந்நூற்று முப்பது வருடம். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அழுதேன். சைபீரியாவில் 1930களில் சோவியத் ஆட்சி இதே வேலையைச் செய்தது, பறைகள் அருங்காட்சியகங்களுக்குப் போயின, அடித்தவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள்.

ஹரிணி: நானே ஒரு பறை வாங்கி வீட்டில் அடித்துப் பார்க்கலாமா?

பறை வாங்கி அடியுங்கள், கை பழகட்டும், மனசுக்கு நல்லது. ஆனால் வாரக்கடைசிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அடுத்தவர் நோயில் கைவைக்காதீர்கள், இக்காரோவை மனப்பாடம் செய்து காசுக்குப் பாடாதீர்கள். அந்தப் பாட்டுக்காகப் பட்டினி கிடந்து வருடக்கணக்கில் காட்டில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கேட்க விரும்பினால் கோபிஸில் தொடங்குங்கள், இரவில், வேறு வேலை செய்யாமல். அதற்கும் முன்னால் உங்கள் ஊரில் உடுக்கை அடிக்கும் பெரியவர் யாராவது இருந்தால் போய் உட்காருங்கள். அவரிடம் கேட்டுப் பதிவு செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

கவின், திருப்பூர்: கடைசியாக ஒன்று அக்கா. ஷாமன் இறந்துவிட்டால் அந்தப் பறை என்ன ஆகும்?

அல்தாயில் அதை வேறு யாரும் அடிக்க மாட்டார்கள், தம்பி. தோலைக் கிழித்து, கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் தொங்கவிட்டுவிடுவார்கள்.